களைக்கொல்லி எச்சத்தைப் பாக்டீரியா தீர்க்குமா?

மக்காச்சோளத்தில் பயறு வகையை ஊடுபயிராகப் போடுவதாக இருந்தால் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிக்க வேண்டாம் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிப் பரிந்துரை எச்சரிக்கிறது. மக்காச்சோளச் செடி அட்ரசினைத் தன் உடலுக்குள்ளேயே செயலிழக்க வைத்துவிடும். உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் அந்தத் திறன் போதாது. களை முளைக்கும்போதே அதை அடக்க வேண்டும் என்பதற்காகச் சில வாரம் மண்ணில் தங்கும்படி உருவாக்கப்பட்ட மருந்து இது. அந்தத் தவணை முடிந்த பிறகும் தங்கினால் அடுத்த போகத்துப் பயிர் வெளுக்கும். மழையோடு கீழிறங்கிக் கிணற்றிலும் கலக்கும்.

எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு ஜெர்மனியில் நல்ல சான்று இருக்கிறது. அந்த நாடு 1991இல் அட்ரசினைத் தடை செய்தது. ஆனாலும் அதன் சிதைவுப்பொருளான டெஸ்எத்தில்அட்ரசின் பல ஆண்டுகள் கழித்தும் அங்கே நிலத்தடி நீரில் அகப்பட்டுக்கொண்டிருந்தது. யூலிஷ் ஆய்வு மையத்தில், கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட அட்ரசினைப் போட்டுத் திறந்தவெளியில் விட்டுவைத்த மண்ணை 22 ஆண்டுகளுக்குப் பிறகு பிரித்துப் பார்த்தார்கள். போட்ட கார்பனில் ஏறத்தாழக் கால்பங்கு மண்ணிலேயே இருந்தது. அதில் சிதையாத அட்ரசினும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 11 நாடுகளில் எடுத்த 317 மேல்மண் மாதிரிகளைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, அவற்றில் 83 விழுக்காட்டில் ஏதோவொரு பூச்சிக்கொல்லி அல்லது களைக்கொல்லி எச்சம் இருந்ததாகச் சொல்கிறது. பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளில் பல எச்சங்கள் சேர்ந்தே இருந்தன.

மண்ணிலேயே வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டு இந்த எச்சத்தை அகற்ற முடியுமா என்ற கேள்விக்கு முக்கால் நூற்றாண்டாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. முடியும் என்றவர்களிடமும் முடியாது என்றவர்களிடமும் செய்து காட்டிய சோதனைகள் உண்டு. அவை வேறுவேறு இடத்தில், வேறுவேறு அளவில் நடந்தவை என்பதுதான் இந்த விவாதத்தில் அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

முதல் விடை: மண்ணுக்குத் தெரியும்

2,4-டி என்ற களைக்கொல்லி இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு சந்தைக்கு வந்தது. தெளித்த சில வாரத்தில் அதன் வீரியம் போய்விடுவதை எல்லாரும் பார்த்தார்கள். வேதிவினையில் அது தானாக அழிகிறதா, ஏதாவது உயிர் அதைச் சிதைக்கிறதா என்பதுதான் தெரியாமல் இருந்தது. லண்டனில் எல். ஜே. ஆடஸ் என்ற தாவரவியலர் 1949இல் இதைச் சோதித்தார். கண்ணாடிக் குழாயில் மண்ணை நிரப்பி, 2,4-டி கரைசலை அதன் வழியே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கரைசலில் மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை, அதில் முளைக்கவிட்ட விதையின் வேர் எவ்வளவு நீள்கிறது என்று பார்த்துக் கணித்தார். மண் முதலில் கொஞ்சம் மருந்தை உறிஞ்சியது. பிறகு பல நாள் எந்த மாற்றமும் இல்லை. அதற்கப்புறம் மருந்து மளமளவென்று குறைந்தது. அதே மண்ணில் இரண்டாம் முறை மருந்து விட்டபோது இடையில் அந்தக் காத்திருப்பே இல்லை. உயிரியக்கத்தை முடக்கும் நஞ்சைச் சேர்த்தால் மருந்து குறைவதும் நின்றது. இதைச் செய்யும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்ததாக அடுத்த ஆண்டே அறிவித்தார்.

இந்தக் கண்டுபிடிப்பு ஒரு பழைய நம்பிக்கைக்குப் பலம் கொடுத்தது. வினோகிராட்ஸ்கி, பெய்ஜெரிங்க் ஆகியோர் காலத்திலிருந்தே மண் நுண்ணுயிரியலாளர்கள் தேடும் பொருளையே உணவாகக் கொடுத்து, அதைத் தின்று பெருகும் உயிரைப் பிரித்தெடுத்து வந்தார்கள். எந்தக் கரிமப்பொருளைக் கொடுத்தாலும் அதைத் தின்னும் நுண்ணுயிரி எங்காவது கிடைக்கும் என்ற எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் அலெக்சாண்டர் 1965இல் இதை நேராக மறுத்தார். நுண்ணுயிரிகளும் தோற்கும், சில மூலக்கூறுகள் அவற்றுக்கு மசியாது என்பது அவர் வாதம். 2,4-டியோடு ஒரே ஒரு குளோரின் அணு கூடினால் 2,4,5-டி ஆகிறது. முன்னது சில வாரத்தில் மறைகிறது, பின்னது பல மாதம் நிற்கிறது. வேதியியல் வாய்பாட்டில் இவ்வளவு சின்ன வேறுபாடு மண்ணில் இவ்வளவு பெரிதாகத் தெரிவது அலெக்சாண்டர் பக்கம் நிற்கும் சான்று.

ஆனால் அவருடைய வாதத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. இன்று மசியாத மூலக்கூறு நாளையும் மசியாமலே இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? அட்ரசினின் வரலாறு இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டது.

அட்ரசின்: முப்பது சொச்சம் ஆண்டுகளில் உருவான பாதை

சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனம் 1950களின் கடைசியில் அட்ரசினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்பனும் நைட்ரஜனும் மாறிமாறி அமைந்த ஆறு அணு வளையம். அதில் ஒரு குளோரினும் இரண்டு அமினோ கிளைகளும் இருக்கும். பாக்டீரியாக்கள் இந்தக் கிளைகளை மெதுவாகக் கடித்துத் துண்டிப்பதை மட்டுமே நெடுங்காலம் கண்டார்கள். குளோரின் கழன்று ஹைட்ராக்சிஅட்ரசின் உண்டாவதைப் பெரும்பாலும் மண்ணின் வேதிவினையாகவே கருதினார்கள்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மண்டல்பாம், ஆலன், வாக்கெட் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் படத்தை மாற்றியது. களைக்கொல்லி கொட்டிக் கிடந்த இடத்து மண்ணில் அவர்கள் பிரித்தெடுத்த சூடோமோனாஸ் ஏடிபி என்ற பாக்டீரியா அட்ரசினை நைட்ரஜன் உணவாக எடுத்துக்கொண்டு, வளையத்தையே உடைத்துக் கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவுமாக ஆக்கியது. அது ஆறு நொதிகளின் தொடர் வேலை. முதல் நொதி குளோரினைக் கழற்றுகிறது. அடுத்த இரண்டும் கிளைகளை வெட்ட, சயனூரிக் அமிலம் மிஞ்சுகிறது. கடைசி மூன்றும் அதைப் பிளந்து முடிக்கின்றன. இந்த ஆறுக்கும் உரிய மரபணுக்கள் பாக்டீரியாவின் முதன்மை நிறப்புரியில் இல்லை. பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய வளையம் அது. 2001இல் அதை முழுதும் வாசித்தபோது 1,08,845 எழுத்துகள் இருந்தன.

முதல் நொதியைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. மெலமினைச் சிதைக்கும் இன்னொரு பாக்டீரியா நொதியோடு அது 98 விழுக்காடு ஒத்திருக்கிறது. ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான அமினோ அமிலங்களில் ஒன்பதுதான் வேறு. அந்த ஒன்பதில் மெலமின் நொதி அட்ரசின் நொதியாகிவிட்டது. உலகின் வேறுவேறு மூலைகளில் பிரித்தெடுத்த அட்ரசின் தின்னிகளிலும் இந்த மரபணுக்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தன. ஒரே இடத்தில் அல்லது ஒருசில இடங்களில் அண்மையில் உருவாகி, பிளாஸ்மிட் வழியே பரவியிருக்க வேண்டும் என்று இதிலிருந்து ஊகிக்கிறார்கள். அட்ரசின் பழக்கத்துக்கு வந்து முப்பது சொச்சம் ஆண்டுகளே ஆன நேரத்தில் இது முழுமை பெற்றிருந்தது. அது புதிதாகவே உருவானதா, மண்ணில் வேறு வேலைக்கென்று ஏற்கெனவே இருந்த துண்டுகள் ஒட்டிச் சேர்ந்ததா என்பது முற்றிலும் தீராத கேள்வி. பின்னதற்குச் சான்று கூடுதல் என்று தோன்றுகிறது. சயனூரிக் அமிலத்தை உடைக்கும் நொதிக் குடும்பம் மிகப் பழையது.

நம்பிக்கை கொண்டவர்களின் வலுவான சான்று இதுதான். மசியாதது என்று எழுதிவைத்த ஒரு மூலக்கூறை மண் ஒரு தலைமுறைக்குள் மசிய வைத்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பாக்டீரியாவைப் பெருக்கி வயலில் விட்டால் போதாதா?

விட்டால் வாழுமா?

இதை முதலில் முயன்றவர்களில் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி ஒருவர். கொல்கத்தாவில் படித்து அமெரிக்கா போன அவர், எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்கான காப்புரிமை வழக்கில் 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் உலகறிந்தவர். அவருடைய குழு 2,4,5-டியை உணவாகக் கொண்டு வாழும் ஒரு பாக்டீரியாவை 1981இல் உருவாக்கியது. கழிவு கொட்டும் இடங்களின் பாக்டீரியாக்களையும் பலவித பிளாஸ்மிட் கொண்ட பாக்டீரியாக்களையும் ஒரே கலத்தில் வளர்த்து, 2,4,5-டியின் அளவை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போய்ப் பெற்றது அது. மாசுபட்ட மண்ணில் கலந்தபோது அது மருந்தின் பெரும்பகுதியைத் தின்றது. முன்பு முளைக்காத செடிகள் அந்த மண்ணில் முளைத்தன. மருந்து தீர்ந்ததும் பாக்டீரியாவும் சில வாரத்தில் மண்ணிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. வேலை முடிந்ததும் தானே போய்விடுகிறது என்று அதைப் பாதுகாப்பின் அடையாளமாக வாசித்தார்கள். இன்னொரு விதமாகவும் அதை வாசிக்கலாம்: எச்சம் குறைந்த இடத்தில் இந்த உயிர் நிலைக்காது.

வெளியிலிருந்து விட்ட பாக்டீரியா ஏன் பல நேரம் பயன் தருவதில்லை என்பதற்கு அலெக்சாண்டரும் சக ஆய்வாளர்களும் 1985இல் ஒரு பட்டியலே கொடுத்தார்கள். உணவு மிகக் குறைவு. மண்ணில் அதன் வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. புரோட்டோசோவாக்கள் அதைத் தின்றுவிடுகின்றன. எளிதாகக் கிடைக்கும் வேறு உணவுக்கு அது மாறிவிடுகிறது. மருந்து இருக்கும் துளைக்கு அதனால் போய்ச்சேர முடிவதில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் இந்தப் பட்டியலை யாராலும் பெரிதாகத் திருத்த முடியவில்லை.

இவற்றில் ஒன்று உழவருக்கு நேரடியாகப் பொருந்துவது. சூடோமோனாஸ் ஏடிபி அட்ரசினைத் தின்பது நைட்ரஜனுக்காக. யூரியா போட்ட வயலில் நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை. நைட்ரேட்டோ அம்மோனியமோ தாராளமாக இருக்கும்போது இந்தப் பாக்டீரியாவின் அட்ரசின் வேலை மட்டுப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லா அட்ரசின் தின்னிகளும் இப்படியல்ல. ஆனால் பரிசோதனைக்கூடத்தில் நைட்ரஜனைப் பட்டினி போட்டுப் பெற்ற வேகத்தை, உரமிட்ட மக்காச்சோளக் காட்டில் எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று டென்மார்க் அனுபவம். டைக்ளோபெனில் என்ற களைக்கொல்லியை அந்த நாடு 1997இல் தடை செய்த பிறகும், பிஏஎம் என்று சுருக்கி அழைக்கப்படும் அதன் சிதைவுப்பொருள் குடிநீர்க் கிணறுகளில் இறங்கிக்கொண்டே இருந்தது. இதனால் பல கிணறுகளை மூட வேண்டியிருந்தது. டைக்ளோபெனில் அடித்துப் பழகிய டென்மார்க் மண்ணிலிருந்தே பிரித்தெடுத்த ஆமினோபாக்டர் எம்எஸ்எச்1 என்ற பாக்டீரியா பிஏஎமை முழுதாகத் தின்னும். அதை நீர்நிலையங்களின் மணல் வடிகட்டிகளில் ஏற்றினார்கள். தொடக்கத்தில் பிஏஎம் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியது. இரண்டு மூன்று வாரத்தில் அந்தத் திறன் தேய்ந்தது. நீரோட்டத்தில் கொஞ்சம் அடித்துச் செல்லப்பட்டது. புரோட்டோசோவா கொஞ்சம் தின்றது. மிஞ்சியது பட்டினியில் தளர்ந்தது. எல்லாவற்றையும் கட்டுப்படுத்தக்கூடிய வடிகட்டியிலேயே இந்த நிலைமை என்றால் திறந்த வயலின் நிலை இன்னும் கடினம்.

பட்டினிக்கு ஓர் எல்லைக்கோடு இருக்கலாம் என்பது அண்மைக் காலத்தில் வலுப்பெற்ற கருத்து. ஆர்த்ரோபாக்டர் டிசி1 என்ற அட்ரசின் தின்னியை வைத்து ஜெர்மனியில் நடந்த சோதனைகளில், அட்ரசின் அளவு லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் என்ற அளவுக்கு இறங்கியபோது, மூலக்கூறு செல் சுவரைத் தாண்டி உள்ளே வருவதே தடங்கலாகிவிட்டது. நொதி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் உணவு கதவைத் தாண்டவில்லை. ஐரோப்பியக் குடிநீர்ச் சட்டம் கேட்பது 0.1 மைக்ரோகிராம். தின்னும் உயிர் வாழத் தேவையான அளவுக்கும் மனிதருக்குப் பாதுகாப்பு என்று சட்டம் வைத்த அளவுக்கும் நடுவில் சில நூறு மடங்கு இடைவெளி இருக்கக்கூடும். மண்ணில் இது எவ்வளவு பொருந்தும் என்று இன்னும் முழுதாக அளக்கவில்லை. ஆனால் இந்த விவாதம் முழுவதிலும் மிகவும் கவனிக்க வேண்டிய எண் இதுவே என்பது என் எண்ணம்.

உயிர் வேண்டாம், நொதி போதும்

வாழ வைப்பதுதான் சிக்கல் என்றால் வாழாத ஒன்றை விடலாமே என்று ஒரு சாரார் கேட்டார்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு அட்ரசின் கொட்டிவிட்டது. அங்கே 1990களின் இறுதியில் ஒரு களச் சோதனை நடந்தது. அட்ரசினின் குளோரினைக் கழற்றும் நொதியை ஈ. கோலை பாக்டீரியாவில் பெருக்கி, அந்தப் பாக்டீரியாவைக் கொன்று, நொதி கெடாதபடி இறுக்கி மண்ணில் கலந்தார்கள். எட்டு வாரத்தில் அட்ரசின் 52 விழுக்காடு குறைந்தது. கூடவே பாஸ்பேட்டும் போட்ட பாத்தியில் 77 விழுக்காடு குறைந்தது. ஒன்றும் போடாத பாத்தியில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. பாஸ்பேட் உள்ளூர் உயிர்களுக்கு ஊட்டமானதால் இரண்டாவது எண் கூடியிருக்கலாம். அப்படியானால் கொன்ற பாக்டீரியா வேலையைத் தொடங்கியது, உயிரோடிருந்தவை கைகொடுத்தன.

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய் செல்லையே விட்டுவிட்டு, தனி நொதியாகவே வயல் வடிநீர்த் தேக்கமொன்றில் கலந்து, அட்ரசின் சில மணி நேரத்தில் பெருமளவு குறைந்ததை 2010இல் வெளியிட்டது. அட்ரசின் பவளத்திட்டுக் கடலுக்குப் போய்விடும் என்ற கவலை அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தது. மரபணு மாற்றிய உயிரை வெளியில் விடுவதற்கான அனுமதிச் சிக்கலும் இதில் இல்லை.

இந்த வழியின் எல்லையும் தெளிவானது. நொதி தானாகப் பெருகாது. ஒவ்வொரு முறையும் தயாரித்துக் கொண்டுவர வேண்டும். தேங்கிய நீரில் கலப்பது எளிது. ஒரு ஏக்கர் மண்ணில் ஒவ்வொரு துகளிலும் சேர்ப்பது அப்படியல்ல. செலவைத் தாங்கக்கூடியது கொட்டிய இடமும் கழிவுநீர்த் தொட்டியும்தான், மானாவாரிக் காடு அல்ல.

ஏற்கெனவே இருப்பதைப் பேணுவது

மண்ணில் இருப்பவற்றுக்கு ஏற்ற சூழலைக் கொடுத்தால் போதும் என்பது மூன்றாவது நிலைப்பாடு. இதற்குச் சான்று ஆய்வாளர்களிடமிருந்து வருவதற்கு முன்பே உழவர்களிடமிருந்து வந்தது, அதுவும் புகாராக. 1970களின் கடைசியில் நியூசிலாந்திலும் பிறகு அமெரிக்காவிலும் மக்காச்சோளத்துக்குப் போடும் இபிடிசி என்ற களைக்கொல்லி, ஆண்டுதோறும் அதையே போட்ட வயல்களில் வேலை செய்யவில்லை. களை சாவதற்குள் மண்ணிலிருந்த பாக்டீரியாக்கள் மருந்தைத் தின்றுவிட்டன. அவற்றின் நொதியை அடக்கும் சேர்மமொன்றை மருந்தோடு கலந்து விற்கும் அளவுக்கு அந்தச் சிக்கல் வளர்ந்தது. அட்ரசினிலும் இது பின்னர் தெரிந்தது. பல ஆண்டு அட்ரசின் கண்ட அமெரிக்க மண்களில், முன்பு மாதக்கணக்கில் இருந்த அதன் அரைவாழ்வு நாட்கணக்குக்கு இறங்கியிருக்கிறது. எச்சம் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு இது நல்ல செய்தி. களையோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அப்படியல்ல. மருந்தின் அளவைக் கூட்டத் தூண்டுவதால் எச்சத்தைப் பொறுத்தும் அது முழு நல்ல செய்தியாக இருக்குமா என்று சொல்ல முடியாது.

ஒரே வயலுக்குள்ளும் இது சீராக இருப்பதில்லை. இங்கிலாந்தின் வெல்ஸ்பர்னில் டீப் ஸ்லேட் என்ற சோதனை வயலில் ஐசோபுரோட்டுரான் களைக்கொல்லியைப் பின்தொடர்ந்தார்கள். சில பத்து மீட்டர் தள்ளியிருந்த இரண்டு இடங்களில் சிதைவு வேகம் மிகவும் வேறுபட்டது. மண்ணின் கார அமில நிலையோடு அது ஒத்துப்போனது. காரப் பக்கம் சாய்ந்த மண்ணில் வேகம் கூடுதல். அதே வயலில் பிரித்தெடுத்த ஸ்பிங்கோமோனாஸ் எஸ்ஆர்எஸ்2 இந்த மருந்தை முழுதும் சிதைக்கிறது, ஆனால் தனியாக வளராது. அதற்கு வேண்டிய அமினோ அமிலத்தைப் பக்கத்தில் வாழும் வேறொரு பாக்டீரியா சுரந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. பொட்டலத்தில் அடைத்து ஒற்றை உயிரை விற்கும் திட்டம் எங்கே இடறுகிறது என்பதை இந்த ஒரு வயல் காட்டிவிடுகிறது.

பேணும் வழியில் நடைமுறையில் நிலைத்தது ஸ்வீடனின் உயிர்ப்படுகை. 1993இல் அங்கே தொடங்கிய முறை இது. தெளிப்பானை நிரப்பும்போதும் கழுவும்போதும் சிந்துவதுதான் நீரை அதிகம் கெடுக்கிறது என்று கண்டு, அந்த இடத்தில் ஒரு குழி தோண்டினார்கள். அடியில் களிமண், அதன்மேல் பாதி வைக்கோல், கால் பீட் மக்கு, கால் மண் என்று கலந்த அரை மீட்டர்ப் படுகை, மேலே புல். தெளிப்பானை அதன்மேல் நிறுத்தி நிரப்புவார்கள். வைக்கோலைத் தின்னும் பூஞ்சைகளின் நொதிகள் மருந்தையும் சேர்த்துச் சிதைக்கின்றன, பாக்டீரியாக்கள் மீதியை முடிக்கின்றன. சில ஆண்டுக்கு ஒருமுறை கலவையை எடுத்து மக்கவைத்து மாற்றிவிட வேண்டும். வெப்ப நாடுகளில் பீட்டுக்குப் பதில் தென்னைநார்க் கழிவும் கரும்புச் சக்கையும் சோதிக்கப்பட்டிருக்கின்றன. தெளிப்பானைக் கிணற்று மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் கழுவுவது வழக்கமாக உள்ள நம் ஊர்களுக்கு, இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழிகளிலும் உடனே பொருந்துவது இதுதான்.

பாதி சிதைந்தது

சிதைவு என்ற ஒரே எண்ணுக்குள் பல நிலைகள் ஒளிந்திருக்கின்றன. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பல பாக்டீரியாக்கள் சிதைக்கும். பெரும்பான்மை வழியில் அது ஆம்பா என்ற சேர்மமாகிறது. ஆம்பா தன் தாய்ச் சேர்மத்தைவிட நெடுநாள் மண்ணில் நிற்கும். கிளைபோசேட் குறைந்தது என்று அளந்து நிறுத்திக்கொண்டால் கணக்கில் பாதிதான் தெரியும். டெஸ்எத்தில்அட்ரசினும் பிஏஎமும் இதே வகை.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி இன்னொரு திசையில் சிக்கலானது. அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் உண்டு. லிப்போமைசஸ் என்ற மண் ஈஸ்ட் குடுவையில் அதை நன்றாகவே சிதைக்கும். ஆனால் பாராகுவாட் களிமண் தகடுகளுக்கு இடையில் போய்ப் பிடித்துக்கொள்கிறது, அங்கே எந்த உயிரும் எட்டுவதில்லை. எட்டாத எச்சத்தால் தீங்கும் இல்லை என்று ஒரு தரப்பும், பிடி தளரும் நாள் வரலாம் என்று இன்னொரு தரப்பும் வாதிடுகின்றன. தொழு உரம் போட்டால் நுண்ணுயிரி பெருகும் என்பது உண்மை. கரிமப்பொருள் கூடினால் மருந்து அதில் ஒட்டிக்கொண்டு நுண்ணுயிரிக்குக் கிடைக்காமல் போவதும் உண்மை. எது மேலோங்கும் என்பது மருந்தையும் மண்ணையும் பொறுத்தது. பொதுப் பரிந்துரை எதுவும் இங்கே நிற்காது.

இன்னொரு செய்தி இந்த ஆய்வுத் துறைக்கு வெளியே போன ஒரு பாக்டீரியாவைப் பற்றியது. அமெரிக்காவில் லூசியானாவின் கிளைபோசேட் ஆலைக் கழிவுநீரில் கிடைத்த அக்ரோபாக்டீரியம் சிபி4 கிளைபோசேட்டால் பாதிக்கப்படாத ஒரு நொதியைக் கொண்டிருந்தது. அந்த நொதியின் மரபணுவைச் சோயாவிலும் பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் புகுத்தி, பயிர் நிற்கும்போதே மேலே கிளைபோசேட் அடிக்கும் முறை 1996 முதல் பரவியது. களைக்கொல்லி தோய்ந்த இடத்தில் தேடிக் கண்ட உயிர், எச்சத்தைக் குறைக்கப் பயன்படாமல் மருந்தை அதிகம் அடிக்கப் பயன்பட்டது. பாக்டீரியா தீர்த்துவிடும் என்ற வாக்குறுதி தெளிப்பைக் கூட்டும் சாக்காக மாறிவிடக் கூடும் என்ற கவலையை இந்த ஒரு நிகழ்வே போதுமான அளவு நியாயப்படுத்துகிறது.

நெல் வயலில்

மேலே சொன்ன சான்றுகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளின் மேட்டு நிலத்திலிருந்து வந்தவை. தண்ணீர் கட்டிய நெல் வயலில் காற்றில்லாத மண்ணும் காற்றுள்ள மேல்நீரும் சில சென்டிமீட்டருக்குள் மாறுகின்றன. அங்கே சிதைவின் பாதையே வேறாக இருக்கலாம். என். சேதுநாதன் பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் யோஷிடாவோடு சேர்ந்து, டயசினான் போட்ட நெல் வயலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து 1973இல் வெளியிட்டார். டயசினானையும் பாரத்தியானையும் சிதைத்த அது, இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட உயிர்களில் ஒன்றாயிற்று. அவை பூச்சிக்கொல்லிகள். கட்டாக்கின் மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் தொடர்ந்து செய்த பணி, வெப்ப மண்டல நெல் மண்ணைத் தனியாகவே படிக்க வேண்டும் என்று காட்டியது. பியூட்டாக்ளோர், பிரெட்டிலாக்ளோர் போல நம் நடவு வயலில் அன்றாடம் போடும் களைக்கொல்லிகளுக்கும் அதே அளவு தொடர்ச்சியான வேலை வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு வசதி ஏற்கெனவே இருக்கிறது. பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து 200 கிராம் பொட்டலமாக வரும் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தைத் தொழு உரத்தோடு கலந்து வயலில் தூவும் முறையை இங்கே உழவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். களைக்கொல்லி தின்னும் பாக்டீரியாவையும் இப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் அசோஸ்பைரில்லத்துக்குப் பயிரின் வேரில் சுரக்கும் சர்க்கரை உணவாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் அதற்கு வேரடியில் இடம் உண்டு. எச்சத்தைத் தின்னும் பாக்டீரியாவுக்கு உணவு தீரும்போது இடமும் தீர்ந்துவிடுகிறது. வேரில் ஒட்டி வாழக்கூடிய உயிருக்குச் சிதைக்கும் பிளாஸ்மிட்டைக் கொடுப்பது இதற்கு ஒரு வழி என்று சிலர் முயல்கிறார்கள். திறந்த வயலில் பல பருவத்துக்கு அது நிலைத்ததாக உறுதியான சான்று இன்னும் போதவில்லை.

எங்கே நிற்கிறோம்

கொட்டிய இடம், கழுவிய இடம், தேங்கிய வடிநீர் ஆகிய மூன்றிலும் பாக்டீரியாவோ அதன் நொதியோ உதவும் என்பது ஓரளவு நிலைபெற்ற முடிவு. அங்கே எச்சம் அடர்த்தியாக இருக்கிறது, இடம் சிறியது, செலவு தாங்கும். பரந்த வயலில் கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்கில் கிடக்கும் எச்சத்துக்கு வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவந்து விடுவது இதுவரை நம்பத்தக்க பலன் தரவில்லை. அங்கே மருந்தின் அளவைக் குறைப்பது, ஒரே மருந்தை ஆண்டுதோறும் போடாமல் மாற்றுவது, மண்ணின் கார அமில நிலையைக் கவனிப்பது ஆகியவற்றுக்குச் சான்று கூடுதல்.

தீராதவை பல. மிகக் குறைந்த அளவில் பாக்டீரியா தின்னாமல் விடுவது அதன் செல் சுவரின் எல்லையா, அல்லது நாம் பிரித்தெடுத்து வளர்க்கும் உயிர்கள் எல்லாம் அடர்த்தியான உணவில் பழகியவை என்பதால் வரும் பிழையா? ஐந்தாறு மருந்துகளின் எச்சம் ஒரே மண்ணில் சேர்ந்திருக்கும்போது ஒன்றைத் தின்னும் உயிரை இன்னொன்று நஞ்சாகி முடக்குகிறதா? பல ஆண்டு அட்ரசின் கண்ட நம் மக்காச்சோள, கரும்பு நிலங்களில் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே பழகிவிட்டனவா, அரைவாழ்வு அங்கே எத்தனை நாள்? கடைசிக் கேள்விக்கு விடை காணப் புதிய பாக்டீரியா எதுவும் வேண்டாம். பழகிய வயல் மண்ணையும் பழகாத வயல் மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மருந்தையும் அதன் சிதைவுப்பொருளையும் பருவந்தோறும் அளந்தால் தெரிந்துவிடும். மாவட்டந்தோறும் மண் பரிசோதனை நிலையங்கள் உள்ள ஒரு மாநிலத்தில் அந்த அளவீட்டைத் தொடங்குவதற்குத் தடையாக இருப்பது அறிவியல் அல்ல.